வீட்டுமனைத் தரகு: எந்த வழியில் தொழில் செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரத்துக்குத் தெற்கே, ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் வட்டாரத்தில் பல ஆண்டுகளாகத் தரகு செய்து வருகிறேன். வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வரலாமா என்று யோசிப்பவர்களும், வந்து ஓராண்டாகியும் கையில் காசு நிற்கவில்லை என்று வருந்துபவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். சட்டம், வரி, வழக்கம் ஆகியவை தமிழ்நாட்டை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை.

தரகு என்றால் தரகுதானே, அதில் வழி என்று தனியாக என்ன இருக்கிறது?

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். இடத்தைக் காட்டுகிறோம், பேசி முடிக்கிறோம், கமிஷன் வாங்குகிறோம். உள்ளே வந்த பிறகுதான், வாடகைக்கு வீடு பிடித்துத் தருபவர், பழைய வீட்டையும் மனையையும் கைமாற்றி விடுபவர், கட்டுநர் நிறுவனத்தின் புதிய அடுக்ககங்களுக்கு வாடிக்கையாளரைக் கொண்டுசெல்பவர், மனைப்பிரிவு நிறுவனத்தின் விற்பனைக் குழுவில் இருப்பவர், சொந்தப் பணத்தில் ஒப்பந்தம் போட்டு விற்பவர், வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளரின் சொத்தைப் பார்த்துக்கொள்பவர் என்று ஒரே பெயர்ப்பலகையின் கீழ் குறைந்தது ஆறு தொழில்கள் நடப்பது தெரியவரும். இவர்களுக்குள் உள்ள பெரிய வேறுபாடு கமிஷன் சதவீதத்தில் இல்லை. பணத்தை யார் கொடுக்கிறார், எந்த நாளில் கொடுக்கிறார் என்பதில்தான் இருக்கிறது. வாடகையில் முன்பணம் கைமாறும் அன்றே வந்துவிடும். மறுவிற்பனையில் பத்திரப்பதிவு நாள் வரை காத்திருக்க வேண்டும். கட்டுநர் நிறுவனத்தில் அதற்கும் பிறகு பல மாதங்கள் ஆகலாம். எந்த வழி உகந்தது என்ற கேள்விக்கு நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, வருமானமே இல்லாமல் உங்கள் வீடு எத்தனை மாதம் ஓடும் என்பதுதான்.

தொடக்கத்தில் எதில் இறங்குவது நல்லது?

மூன்று மாதச் செலவுக்குக்கூடக் கையிருப்பு இல்லாதவர் வாடகையில் தொடங்குவதே நல்லது. ஆறு மாதம் தாக்குப்பிடிக்க முடியும், பத்திரம் படிக்கவும் பொறுமை உண்டு என்றால் மறுவிற்பனைக்கு வரலாம். ஓராண்டுக்குக் கவலையில்லை, பேச்சுத் திறன் உண்டு, ஏற்கெனவே ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்து நிறையப் பேரைத் தெரியும் என்பவருக்குக் கட்டுநர் வழி பொருந்தும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கையில் காசில்லாத நிலையில், ஒரே விற்பனையில் இரண்டு லட்சம் கிடைக்கும் என்று நம்பிப் புதிய அடுக்ககம் விற்கப் போய், இலவு காத்த கிளியாக ஏழெட்டு மாதம் இருந்துவிட்டு, கடனுடன் பழைய வேலைக்கே திரும்பியவர்களை நான் அறிவேன்.

வாடகைத் தரகில் மட்டும் ஒரு குடும்பம் நடத்த முடியுமா?

முடியும். ஆனால் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் பக்க வழக்கம், குடிவருபவரிடம் ஒரு மாத வாடகை வாங்குவது. உரிமையாளரிடமும் அரை மாதமோ ஒரு மாதமோ வாங்குபவர்கள் உண்டு, அது பேச்சைப் பொறுத்தது. சராசரி வாடகை 12,000 ரூபாய் என்றும், மாதம் ஆறு வீடுகள் முடிப்பதாகவும் வைத்துக்கொண்டால் 72,000 ரூபாய் வருகிறது. இதில் இரண்டு மூன்று வீடுகளாவது இன்னொரு தரகர் மூலம் வந்தவையாக இருக்கும் என்பதால் அவற்றில் பாதி அவருக்குப் போகும். பெட்ரோல், தொலைபேசி, விளம்பரம் எல்லாம் கழித்தால் 45,000 ரூபாய் அளவில் நிற்கலாம். அதுவும் எல்லா மாதமும் நிற்காது. பள்ளி திறப்பதற்கு முன் ஏப்ரல், மே மாதங்களில் சாப்பிட நேரமிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற யாரும் துணிவதில்லை என்பதால் அந்த இரண்டு மாதங்களுக்கான செலவை மற்ற மாதங்களிலேயே எடுத்து வைக்க வேண்டும்.

இந்த வழியில் உண்மையான மூலதனம் சாவிக்கொத்துதான். ஊரப்பாக்கத்தில் நாற்பது வீட்டு உரிமையாளர்களின் சாவி ஒருவரிடம் இருக்கிறது என்றால், கேட்டவுடன் பத்து நிமிடத்தில் கதவைத் திறந்து காட்ட அவரால் முடியும். சாவி இல்லாதவர் உரிமையாளருக்குத் தொலைபேசி செய்து, அவர் மாம்பலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரும் வரை காத்திருப்பதற்குள், வந்தவர் வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருப்பார். என்னிடம் உள்ள ஒவ்வொரு சாவியிலும் ஓர் அட்டைத் துண்டு கட்டப்பட்டிருக்கும். தண்ணீர் மெட்ரோவா போரா, எத்தனை மணிக்கு மோட்டார் போடுவார்கள், இரண்டு சக்கர வண்டிக்கு இடம் உண்டா, அசைவம் சமைக்கலாமா, மின்கட்டணம் யூனிட்டுக்கு எவ்வளவு என்ற ஐந்தும் அதில் எழுதியிருக்கும். வீடு பார்க்க வருகிறவர் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும்.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட பிறகு இந்தப் பக்கம் வாடகை கேட்டு வருபவர்களின் வகையே மாறிவிட்டது. ஒரு வட்டாரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருப்பவருக்குத்தான் இத்தகைய மாற்றம் முதலில் கண்ணில் படும்.

மறுவிற்பனையில் எவ்வளவு கிடைக்கும், எப்போது கிடைக்கும்?

ஒரு தரப்புக்கு ஒரு சதவீதம் முதல் இரண்டு சதவீதம் வரை என்பது பரவலான வழக்கம். சட்டம் இதற்கு விகிதம் எதையும் நிர்ணயிக்கவில்லை. 50 லட்ச ரூபாய் வீட்டில் இரு தரப்பிலும் ஒவ்வொரு சதவீதம் வந்தால் ஒரு லட்சம். நடுவில் இரண்டு தரகர்கள் இருந்தால் அவரவர் தரப்பை அவரவர் வாங்கிக்கொள்வார்கள்.

எப்போது என்பதுதான் சிக்கல். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 219ஆம் பிரிவின்படி, தனியாக ஏதும் பேசிக்கொள்ளாதபோது, ஒப்படைக்கப்பட்ட வேலை முழுமையாக முடிந்த பிறகுதான் முகவருக்கு ஊதியம் சேரும். இதன் நடைமுறைப் பொருள் என்னவென்றால், ஒன்றும் எழுதி வாங்காத தரகர், வங்கிக் கடன் வரும் வரை, பட்டா பெயர் மாறும் வரை, நல்ல நாள் பார்க்கும் வரை, ஆடி முடியும் வரை காத்திருந்துவிட்டுக் கடைசியில் சார்பதிவாளர் அலுவலக வாசலில் கையேந்தி நிற்க வேண்டியிருக்கும். அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காலையில் டோக்கன் எண் வரும் வரை வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் தரகர்தான் உறவினர். அடையாள அட்டையின் நகல் எடுக்க, சாட்சிக்கு ஆள் பிடிக்க, ஆவண எழுத்தரிடம் பிழை திருத்தச் சொல்ல, எல்லாவற்றுக்கும் அவர் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். கைரேகை வைத்துப் புகைப்படம் எடுத்து வெளியே வந்ததும் காரின் கண்ணாடி பாதி இறங்கும், ஓர் உறை வெளியே நீளும், உள்ளே இருப்பது பேசியதில் பாதியாக இருக்கும். எண்ணிப் பார்ப்பதற்குள் கார் கிளம்பியிருக்கும்.

இதற்கு நான் கண்ட வழி ஒரு பக்கக் கடிதம். சொத்தின் விவரம், தரகுத் தொகை, விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் பாதி, பத்திரப்பதிவு நாளில் பதிவுக்கு முன் மீதி என்று எழுதி, வீட்டைக் காட்டுவதற்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுகிறேன். முதலில் கூச்சமாக இருந்தது. கையெழுத்துப் போட மறுப்பவர் எப்படியும் பணம் கொடுக்கப் போவதில்லை என்று புரிந்த பிறகு கூச்சம் போய்விட்டது.

மறுவிற்பனைக்கு வர என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பத்திரம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறாமல் வருகிறதா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றில் அடமானம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா, பட்டாவில் இருக்கும் பெயரும் பரப்பும் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா, புல வரைபடத்தில் உள்ள அளவு நிலத்தில் இருக்கிறதா என்பவற்றைத் தரகரே முதல் வாரத்தில் பார்த்துவிட வேண்டும். வழக்கறிஞர் பிறகு பார்க்கட்டும். அவர் பார்த்துக் குறை சொல்வது மூன்றாவது மாதத்தில், அதற்குள் நம் மூன்று மாதம் போயிருக்கும்.

ஒரு முறை கூடுவாஞ்சேரிக்கு உள்ளே ஒரு வீடு. தந்தை பெயரில் பட்டா, அவர் காலமாகிவிட்டார். மூன்று மகன்களும் விற்க ஒப்புக்கொண்டார்கள், விலை பேசி முன்பணமும் கைமாறியது. வாரிசுச் சான்றிதழ் வந்தபோதுதான் அதில் நான்காவதாக ஒரு பெயர் இருந்தது. திருமணமாகிப் பெங்களூருவில் இருக்கும் மகள். நகையும் சீரும் செய்து கொடுத்தாயிற்று, தங்கை கேட்க மாட்டாள் என்று அண்ணன்மார்கள் சொன்னதை நான் நம்பியிருந்தேன். சட்டத்தில் அவருக்கும் சமபங்கு உண்டு, அவர் கையெழுத்து இல்லாமல் வங்கி கடன் தராது. தங்கை கேட்டது நியாயமாகவும் இருந்தது. பேச்சு எட்டு மாதம் இழுத்து, வாங்க வந்தவர் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து, உங்கள் அப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்காமல், பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தனியாகக் கேட்கிறேன்.

இரு தரப்பிலும் தரகு வாங்குவது சரியா?

இருவருக்கும் தெரிந்து வாங்கினால் தவறில்லை, நம் ஊரில் அதுவே பெருவழக்கு. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரிடம் வாங்குவதுதான் வினையாகிறது. விலையைக் குறைத்துத் தருகிறேன் என்று வாங்குபவரிடமும், ஏற்றித் தருகிறேன் என்று விற்பவரிடமும் ஒரே ஆள் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. நான் விலை பேசும்போது இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டு வெளியே தேநீர் குடிக்கப் போய்விடுவேன். தரகர் இல்லாத இடத்தில் விலை சீக்கிரம் படிகிறது என்பது என் அனுபவம்.

விலைக்கு மேல் வைத்து விற்றால் லாபம் அதிகம் என்கிறார்களே?

உரிமையாளர் 40 லட்சம் கேட்கிறார், வாங்குபவரிடம் 43 லட்சம் என்று சொல்லி நடுவில் உள்ள மூன்று லட்சத்தைத் தரகர் எடுத்துக்கொள்கிறார். எல்லா ஊரிலும் நடக்கிறது, யாரும் வெளியே சொல்வதில்லை. இதில் தரகர்கள் பலரும் அறியாதது, ஒப்பந்தச் சட்டத்தின் 216ஆம் பிரிவு. முகவர் தன்னை அமர்த்தியவருக்குத் தெரியாமல் அதே வியாபாரத்தில் தன் கணக்கில் நடந்து லாபம் அடைந்தால், அந்த லாபத்தைக் கேட்கும் உரிமை அமர்த்தியவருக்கு உண்டு. 220ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், முறைகேடாக நடந்துகொண்ட வேலைக்கு முகவருக்கு ஊதியமே இல்லை என்கிறது. மூன்று லட்சமும் போகும், ஒரு சதவீதமும் போகும்.

லாபம் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு நேரான வழி இருக்கிறது. முகவராக நிற்காமல் வாங்குபவராக மாறிவிட வேண்டும். உரிமையாளரிடம் முன்பணம் கொடுத்து, உங்கள் பெயரிலோ நீங்கள் குறிப்பிடுபவர் பெயரிலோ பத்திரம் செய்து தருவதாக விற்பனை ஒப்பந்தம் போட்டு, குறித்த காலத்துக்குள் வேறொருவருக்கு விற்பது. உரிமையாளருக்கு நீங்கள் வியாபாரம் செய்கிறீர்கள் என்பது தெரியும், அதனால் மனக்குறை இல்லை. ஆனால் இது தரகு இல்லை, முதல் போட்டுச் செய்யும் வாணிகம். காலக்கெடுவுக்குள் ஆள் கிடைக்காவிட்டால் முன்பணம் போகலாம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், இருபது ரூபாய்த் தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளும் பழைய பழக்கமும் உதவாது.

உரிமையாளரிடம் பொது அதிகாரப் பத்திரம் (பவர்) வாங்கி விற்பது இதன் அண்ணன் தம்பி. முன்பு 10,000 ரூபாய்க் கட்டணத்தில் முடிந்த காரியம் இது. 2023 ஜூலை முதல், குடும்பத்தார் அல்லாத ஒருவருக்குச் சொத்தை விற்கும் அதிகாரம் கொடுத்தால் சொத்தின் மதிப்பில் ஒரு சதவீதம் கட்ட வேண்டும். ஒரு கோடி ரூபாய் நிலத்துக்கு ஒரு லட்சம். பவர் வாங்கியதாலேயே சொத்து நம்முடையதாகிவிடாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2011இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. புதியவர் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்பதே என் கருத்து.

கட்டுநர் நிறுவனங்களுடன் சேர்ந்து செய்வது எப்படி?

நிறுவனம் உங்களைத் தன் விற்பனைக் கூட்டாளியாகப் பதிந்துகொள்ளும். நீங்கள் அழைத்துச் செல்லும் வாடிக்கையாளர் வீடு வாங்கினால் விலையில் இத்தனை சதவீதம் என்று நிறுவனமே கொடுக்கும், வாங்குபவரிடம் நீங்கள் எதுவும் கேட்கக் கூடாது. இரண்டிலிருந்து நான்கு சதவீதம் வரை பேசப்படுவதைப் பார்த்திருக்கிறேன். 70 லட்ச ரூபாய் வீட்டில் மூன்று சதவீதம் என்றால் 2,10,000 ரூபாய். மறுவிற்பனையைப் போலப் பத்திரச் சங்கிலி பார்க்கும் பாடு இல்லை, குளிரூட்டிய அறையில் மாதிரி வீட்டைக் காட்டினால் போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

மறுபக்கம் இரண்டு உண்டு. முதலாவது, வாடிக்கையாளர் யாருடையவர் என்ற சண்டை. நீங்கள் மூன்று மாதம் பேசி அழைத்துச் சென்றவரின் எண் ஏற்கெனவே தங்கள் பதிவில் இருக்கிறது, அவர் முன்பே எங்கள் விளம்பரத்தைப் பார்த்து விசாரித்தவர் என்று நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு சொல்லிவிடும். எனக்கே ஒரு நிறுவனத்தில் இப்படி நடந்திருக்கிறது. வாங்கியவர் என் மைத்துனரின் அலுவலக நண்பர், கிரகப்பிரவேசத்துக்கு என்னை அழைத்துச் சாப்பாடும் போட்டார், கமிஷன் மட்டும் வரவில்லை. அதன் பிறகு, இடத்துக்குப் போவதற்கு முன்பே வாடிக்கையாளரின் பெயரையும் எண்ணையும் மின்னஞ்சலில் அனுப்பி, பதிவு செய்துகொண்டோம் என்ற பதில் வந்த பிறகுதான் வண்டியைக் கிளப்புகிறேன்.

இரண்டாவது, பணம் வரும் நாள். வாங்குபவர் விலையில் குறிப்பிட்ட பகுதியைக் கட்டி, ஒப்பந்தம் பதிவாகி, வங்கிக் கடன் அனுமதியான பிறகு நீங்கள் கமிஷனுக்கான பில் அனுப்ப வேண்டும். அதன் பிறகு இத்தனை நாள் என்று நிறுவனத்தின் கடிதத்தில் இருக்கும். இடையில் வாங்குபவர் பின்வாங்கினால் கொடுத்ததையும் திருப்பிக் கேட்கும் விதி பல கடிதங்களில் உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஒரு பத்தியைத் தேடிப் படியுங்கள்.

ரெரா பதிவு எல்லாத் தரகருக்கும் வேண்டுமா?

வேண்டாம். ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டிய திட்டங்களில் உள்ள மனையையோ அடுக்ககத்தையோ விற்க உதவும் முகவர் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமோ, எட்டு வீடுகளுக்கு மேலோ கொண்ட திட்டங்கள் பொதுவாக இதில் வரும். வாடகையும், தனியார் ஒருவர் பல ஆண்டு குடியிருந்த வீட்டை விற்பதும் இதில் வராது. ஆக, கட்டுநர் வழியிலும் மனைப்பிரிவு வழியிலும் போகிறவருக்குப் பதிவு கட்டாயம். பதிவில்லாமல் செய்தால் தவறு தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் என்று, விற்க உதவிய மனை அல்லது வீட்டின் மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் ஏறக்கூடும். நீங்கள் வாங்கிய கமிஷன் மூன்று சதவீதம் என்பதை நினைவில் வையுங்கள்.

தமிழ்நாட்டுக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் ஒரே ரெரா ஆணையம்தான். பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பதிந்த முகவர் பதிவில்லாத திட்டத்தை விற்கக் கூடாது, கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது.

மனைப்பிரிவு நிறுவனங்களின் விற்பனைக் குழுவில் சேரலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தாம்பரத்தில் நிற்கும் வேன்களைப் பார்த்திருப்பீர்கள். இலவசப் பயணம், வழியில் காபி, மதியம் சாப்பாடு, நடுவில் வரிசையாக நட்ட வண்ணக் கற்கள். வேனில் உங்களுடன் வரும் இளைஞருக்குக் கீழே ஒருவரும் இல்லை, மேலே மேலாளர், அவருக்கு மேலே இயக்குநர் என்று நான்கைந்து படிகள் இருக்கும். ஒரு மனை விற்றால் கமிஷன் எல்லாப் படிக்கும் பிரியும். சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கிடுவார்கள். அடிப்படியில் இருப்பவருக்குச் சேர்வது, தன் உறவினரையும் நண்பரையும் அழைத்து வந்ததற்கான கூலிதான், உறவினர்கள் தீர்ந்ததும் வருமானமும் தீர்ந்துவிடும். மனை விற்பதைவிட ஆள் சேர்ப்பதற்கு அதிகப் பரிசு தருகிற குழுவில் நான் யாரையும் சேரச் சொல்ல மாட்டேன்.

நேர்மையாக நடக்கும் நிறுவனங்களும் உண்டு. அவற்றிலும் ஒரு பழைய கதையை மறக்கக் கூடாது. 2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதுவரை பஞ்சாயத்து அப்ரூவல் (ஊராட்சி மட்டும் தந்த ஒப்புதல்) என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஊர் ஊராக மனை விற்றவர்கள் ஒரே நாளில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார நேர்ந்தது. இரண்டு மாதத்தில் 500, 1,000 ரூபாய் நோட்டுகளும் செல்லாமல் போயின. அங்கீகாரமில்லாத பழைய மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017 மே மாதத்தில்தான் வந்தன. அந்த இடைவெளியில் தொழிலை விட்டவர்கள் ஏராளம். வாடகைத் தரகர்களை அது அதிகம் தொடவில்லை. ஒரே ஒரு வழியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று நான் நினைப்பதற்கு அந்த எட்டு மாதங்கள்தான் காரணம். இப்போது மனை விற்பவர், டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அங்கீகார எண்ணையும் ரெரா எண்ணையும் தானே இணையத்தில் சரிபார்த்த பிறகு வேனில் ஏறட்டும்.

வரி விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், கமிஷனுக்கு 18 சதவீதம். கட்டுநர் நிறுவனம் அதைத் தன் கணக்கில் பார்த்துக்கொள்ளும். வீடு வாங்கும் குடும்பத்துக்கு அது கூடுதல் செலவு. ஒரு லட்சம் என்று பேசிவிட்டுப் பிறகு 18,000 சேர்த்துக் கேட்டால் முகம் மாறும். ஆகவே வரி உட்படவா, வரி தனியா என்பதைக் கடிதத்திலேயே எழுதுங்கள். நிறுவனங்கள் கமிஷனில் 2 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்தம் செய்துதான் கொடுக்கும். கணக்குத் தாக்கல் செய்தால் அது வரியில் கழியும். சொத்துப் பேரத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை இருப்பதால், முன்பணம் வாங்கும் இடத்தில் தரகர் காசோலையை வலியுறுத்துவது அவருக்கே பாதுகாப்பு.

அமெரிக்கத் தரகர்களின் காணொளிகளைப் பார்த்துக் கற்கலாமா?

பேசும் முறையைக் கற்கலாம், தொழில் முறையை அப்படியே கொண்டுவர முடியாது. அங்கே உரிமம் இல்லாமல் தரகு செய்ய முடியாது. விற்பனைக்கு வரும் வீடுகளைத் தரகர்கள் பொதுப் பட்டியலில் போடுகிறார்கள், விற்பவருக்கு ஒருவர், வாங்குபவருக்கு ஒருவர் என்று தனித்தனியே நிற்கிறார்கள். அந்த இருவருக்கும் கமிஷன் பங்கிடும் முறையே ஒரு வழக்குச் சமரசத்தால் 2024 ஆகஸ்டில் மாறிவிட்டது. நம் ஊரில் பொதுப் பட்டியல் என்பது, ஒவ்வொரு தரகரின் வாட்ஸ்அப் குழுக்கள்தான். ஒரே வீடு ஐந்து விலையில் அவற்றில் சுற்றும்.

தனியாகச் செய்வதா, பெரிய பெயர் கொண்ட நிறுவனத்தின் கிளையாகச் செய்வதா?

கிளை உரிமைக்குக் கட்டும் பணம் உங்கள் வட்டாரத்தில் யாரைக் கொண்டுவரும் என்று பாருங்கள். அண்ணா நகரிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் வெளியூரிலிருந்து வரும் நிறுவன ஊழியருக்குத் தெரிந்த பெயர் தேவைப்படலாம். சிங்கப்பெருமாள் கோயிலில் மக்கள் பெயர்ப்பலகையைப் பார்த்து வருவதில்லை, டீக்கடைக்காரர் சொல்லி வருகிறார்கள். இரண்டு மூன்று தரகர்கள் சேர்ந்து ஒரே அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஒருவர் வாடகையையும் மற்றவர் மறுவிற்பனையையும் பார்த்து, ஒருவருக்கு வந்ததை மற்றவருக்குக் கொடுத்து மூன்றில் ஒரு பங்கு வாங்கிக்கொள்வது எங்கள் பக்கம் நன்றாக நடக்கிறது. இணையதளங்களுக்குக் கட்டும் சந்தாவும் இதே கணக்குத்தான். தரகரே இல்லாமல் வீடு தேடலாம் என்று சொல்லும் தளங்கள் வந்த பிறகு, வெறுமனே முகவரி சொல்பவருக்கு மதிப்புப் போய்விட்டது. சாவி வைத்திருப்பவருக்குப் போகவில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களின் சொத்தைப் பார்த்துக்கொள்வது ஒரு வழியாகுமா?

பலரும் கவனிக்காத நல்ல வழி இது. சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருப்பவரின் வீட்டுக்குக் குடித்தனக்காரரைப் பிடித்து, மாதம் ஒரு முறை போய்ப் பார்த்து, குழாய் ஒழுகினால் ஆள் அனுப்பி, சொத்துவரி கட்டிப் படம் எடுத்து அனுப்புவதற்கு மாதக் கட்டணம். தொகை சிறிது, ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் வரும். இருபது வீடுகள் சேர்ந்தால் ஆடி மாதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அந்த வீடு விற்பனைக்கு வரும்போது முதல் தொலைபேசி உங்களுக்குத்தான் வரும்.

இதில் ஒரு நுட்பம் தெரிந்திருக்க வேண்டும். உள்நாட்டவரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்துச் சொத்து வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்டினால் போதும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அந்த ஒரு சதவீதக் கணக்கு பொருந்தாது, மூலதன ஆதாய வரி விகிதத்தில் பிடிக்க வேண்டும், விலைக்குக் கீழ் வரம்பும் இல்லை. இதைப் பத்திரப்பதிவுக்கு முந்தைய நாள் இரவு ஆடிட்டர் சொல்லி, பேரம் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே சொல்லும் தரகரை இரு தரப்பும் விடமாட்டார்கள்.

ஒரு வழியிலிருந்து இன்னொன்றுக்கு எப்போது மாறுவது?

நான் புதியவர்களிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கச் சொல்வேன். ஒவ்வொரு பேரத்துக்கும் ஒரு வரி. முதல் தொலைபேசி வந்த நாள், பணம் தருவதாகச் சொன்ன நாள், பணம் உண்மையில் கைக்கு வந்த நாள், பேசிய தொகை, வந்த தொகை என்று ஐந்து கட்டம். ஆறு மாதம் எழுதிய பிறகு கடைசி இரண்டு கட்டங்களையும் பாருங்கள். வாடகைப் பேரங்களில் வித்தியாசம் சில நூறு ரூபாயாக இருக்கும். மறுவிற்பனையில் பேசியதற்கும் வந்ததற்கும் இடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இல்லை, மூன்று மாதச் செலவும் கையில் இருக்கிறது என்றால் வாடகையில் பாதி நேரத்தைக் குறைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகரலாம். சாவிக்கொத்தை மட்டும் யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம்.